அத்தையின் தாலாட்டைப் பதிவு செய்ய எந்தக் கட்டற்ற மென்பொருள் நல்லது?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. தாலாட்டு, நலங்கு, ஊஞ்சல் என்று அறுபது பாட்டுக்கு மேல் அவர் நெஞ்சில் இருக்கின்றன. ஒன்றுகூட எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. சென்ற ஆடியில் அவருக்கு உடம்பு முடியாமல் போனது. இனி தள்ளிப்போடக் கூடாது என்று அன்றே முடிவு செய்தேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முறை முயன்றேன். சந்தா கட்டும் ஒரு மென்பொருளில் பன்னிரண்டு பாட்டுகளைப் பதிந்தேன். சந்தா முடிந்ததும் அது திறக்க மறுத்துவிட்டது. கோப்புகள் கணினியில் அப்படியே இருக்கின்றன, கேட்கத்தான் வழியில்லை. அத்தையின் குரல் அன்று இன்னும் திடமாக இருந்தது. அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

என்னிடம் இருப்பது 2016-இல் வாங்கிய மடிக்கணினி. 4 ஜிபி நினைவகம், விண்டோஸ். ஒரு யூஎஸ்பி மைக்கும் தலையணி ஒலிபெருக்கியும் உண்டு. செலவழிக்கப் பணமில்லை. பின்னால் தம்புரா சேர்க்க வேண்டும். அண்ணன் மகள் வயலின் கற்கிறாள், நலங்குப் பாட்டுக்கு அவள் வாசிப்பதையும் சேர்க்க ஆசை. எதில் தொடங்கலாம்?

ஒலித்தச்சன் எழுதியது:

அம்மா, புதிதாக எதையும் நிறுவுவதற்கு முன் அந்தப் பழைய பன்னிரண்டு பாட்டுகளைத் தேடுங்கள். பெரும்பாலான ஒலிப்பதிவு மென்பொருள்கள் திட்டக் கோப்பில் எது எங்கே வருகிறது என்ற குறிப்பை மட்டுமே வைத்துக்கொள்ளும். மைக் வழியாக வந்த ஒலியை அதே கோப்புறைக்குள் இன்னொரு துணைக் கோப்புறையில் வேவ் (.wav) என்ற ஒலிக் கோப்பாகச் சேமிக்கும். அங்கே பெரிய அளவுள்ள கோப்புகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒரு நிமிடத் தனித்தடப் பதிவு 5 முதல் 10 எம்பி வரை இருக்கும். அந்த அளவில் ஏதாவது கண்ணில் பட்டால் அதுதான் உங்கள் அத்தை.

அதைத் திறக்க ஆடாசிட்டி என்ற கட்டற்ற ஒலிப்பதிவு மென்பொருள் போதும். வேவ் என்றால் இழுத்துப் போட்டவுடன் திறக்கும். வேறு ஏதாவது விசித்திரமான வடிவமாக இருந்தால் இறக்குமதிப் பட்டியலில் ‘ரா டேட்டா’ என்று ஒன்று உண்டு. கோப்பின் தலைப்பகுதி புரியாவிட்டாலும் உள்ளே இருப்பதை ஒலியாக எடுத்துக்கொண்டு திறக்கும் வழி அது. மாதிரி வீதத்தை, அதாவது விநாடிக்கு எத்தனை முறை ஒலியை அளக்கிறது என்ற எண்ணை, 44100 என்றும் 48000 என்றும் மாற்றிப் பாருங்கள். குரல் சரியான வேகத்தில் வரும்போது உங்கள் காதுக்கே தெரிந்துவிடும். ஒலியைச் சுருக்கி வைக்கும் வடிவமாக இருந்தால் மட்டும் இந்த வழி உதவாது.

புதிய பதிவுக்கும் ஆடாசிட்டியையே சொல்வேன். 1999-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் டொமினிக் மஸ்ஸோனியும் ரோஜர் டேனன்பெர்க்கும் தொடங்கியது. 2000-இல் வெளிவந்தது. உங்கள் 4 ஜிபி கணினியில் திணறாமல் ஓடும். ஒரு குரல், ஒரு தம்புரா, ஒரு வயலின் என்றால் மூன்றே தடங்கள். அதற்குப் பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம்.

மாடியறை எழுதியது:

அக்கா, நான் கல்லூரி மாணவன். எல்எம்எம்எஸ் என்ற மென்பொருளையும் பாருங்கள். நான் மூன்று ஆண்டுகளாக அதில்தான் இசையமைக்கிறேன். கருவிகள் எல்லாம் உள்ளேயே வருகின்றன. ஜின்ஆட்சப்எஃப்எக்ஸ் என்ற அருமையான ஒலியாக்கி அதில் சேர்ந்தே கிடைக்கிறது. தாளத்தை 7-க்கு 8 என்று வைத்தால் மிஸ்ர சாபு கிடைத்துவிடும்.

தாளக்கருவிக்குத் தனியாக ஹைட்ரஜன் என்று ஒன்று உண்டு. அதில் நான் செய்ததைச் சொல்கிறேன். என் நண்பனின் கஞ்சிராவில் நான்கு விதமான அடிகளைத் தனித்தனியாகப் பதிந்து, முன்னும் பின்னும் உள்ள மௌனத்தை வெட்டி, நான்கு கருவிகளாக ஹைட்ரஜனில் ஏற்றினேன். ஒவ்வோர் அடிக்கும் மெதுவாக அடித்தது, ஓங்கி அடித்தது என்று இரண்டு பதிவுகள். தட்டும் அழுத்தத்துக்கு ஏற்ப எது ஒலிக்க வேண்டும் என்று அதிலேயே அடுக்கு அமைக்கலாம். விலைக்கு வாங்கும் தொகுப்புகளில் கஞ்சிரா தேடிக் களைத்துப்போனவன் நான். ஒரு மாலை நேர வேலையில் சொந்தமாகக் கிடைத்தது.

ஒலித்தச்சன் எழுதியது:

தம்பி, கஞ்சிரா வேலை மிக நன்று. ஆனால் அம்மாவுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எல்எம்எம்எஸ்-இன் நிலையான 1.2 பதிப்பில் மைக் வைத்துக் குரலைப் பதிய முடியாது. அது இசையமைப்பதற்கானது. குரலை ஆடாசிட்டியில் பதிந்து வேவ் கோப்பாக எடுத்து, பிறகு எல்எம்எம்எஸ்-இல் மாதிரித் தடமாக வைக்கலாம். இது தெரியாமல் பதிவுப் பொத்தானைத் தேடி ஒரு நாள் முழுவதும் வீணாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அகலப்பாதை எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்று. ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருள் 60 நாள் முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்கக் கிடைக்கிறது. தனிநபர் உரிமம் 60 டாலர். சிறிய மென்பொருள், பழைய கணினியிலும் ஓடும். இலவச மென்பொருள்களோடு மல்லாடும் நேரத்தைக் கணக்கிட்டால் இது மலிவு என்றே நினைக்கிறேன். காசே வேண்டாம் என்றால் கேக்வாக் இருந்ததே.

கட்டறுத்தவன் எழுதியது:

அகலப்பாதை, ரீப்பர் நல்ல மென்பொருள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையைத் தொடங்கியவரின் இரண்டாவது பத்தியை இன்னொரு முறை படியுங்கள். அவர் பட்ட வேதனை விலையால் வந்ததில்லை. தன் வீட்டுப் பாட்டின் சாவி வேறொருவர் கையில் இருந்ததால் வந்தது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு. கட்டற்றது என்றால் மூலநிரலை எவரும் எடுத்து மாற்றிப் பகிரலாம். நீங்கள் சொன்ன கேக்வாக்கையே எடுத்துக்கொள்வோம். சோனார் என்று விலைக்கு விற்ற மென்பொருள் அது. 2017 நவம்பரில் அதன் உரிமையாளரான கிப்சன் நிறுவனம் அதன் வளர்ச்சியை நிறுத்தியது. 2018-இல் பேண்ட்லேப் வாங்கி இலவசமாகக் கொடுத்தது. எல்லோரும் மகிழ்ந்தோம், நானும்தான். 2023-இல் அதற்குப் பதிலாகக் கட்டண மென்பொருள் வரப்போகிறது என்று அறிவித்தார்கள். ஆறே ஆண்டுகளில் மூன்று திருப்பங்கள். எதிலும் பயனருக்குச் சொல்லுரிமை இல்லை. நிறுவனம் கெட்டது என்று நான் சொல்லவில்லை. மூலநிரல் கையில் இல்லாவிட்டால் நிலைமை அதுதான்.

ஆடாசிட்டியையும் 2021-இல் ஒரு நிறுவனம் வாங்கியது, மியூஸ் குழுமம். அந்த ஆண்டே தனியுரிமைக் கொள்கையில் செய்த மாற்றத்துக்குப் பெரும் எதிர்ப்பு எழுந்தது. உடனே என்ன நடந்தது? மூலநிரல் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமத்தில் இருந்ததால் சிலர் அதை எடுத்து டெனாசிட்டி என்று தனியாகவே தொடங்கிவிட்டார்கள். நிறுவனமும் கொள்கையைத் திருத்தி எழுதியது. இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

ஆர்டர் (Ardour) என்ற மென்பொருளையும் சொல்ல வேண்டும். பல தடங்களில் பதிந்து கலவை செய்ய, கட்டற்ற உலகில் என் முதல் தேர்வு அதுதான். பால் டேவிஸ் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அதை வளர்த்து வருகிறார். மூலநிரல் இலவசம். விண்டோஸுக்கு ஆயத்தமாகக் கட்டிய பதிப்பு வேண்டுமானால் ஒரு தொகை கட்ட வேண்டும். பணம் கட்டாத பதிப்பு பத்து நிமிடத்தில் மௌனமாகிவிடும். இதைச் சிலர் குறையாகச் சொல்கிறார்கள். எனக்கு அது நேர்மையாகவே படுகிறது. லினக்ஸ் இயங்குதளத்தில் டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாவற்றின் களஞ்சியத்திலும் காசில்லாமல் கிடைக்கிறது. இசை வேலைக்கான உபுண்டு ஸ்டுடியோவை ஒரு பென்டிரைவில் ஏற்றினால், கணினியில் எதையும் மாற்றாமலே ஓட்டிப் பார்க்கலாம்.

சுருதிப்பெட்டி எழுதியது:

நான் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவள். கணினி பற்றி அதிகம் தெரியாது, ஆனால் ஆடாசிட்டியை மாணவர்களுக்காகப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். உங்கள் அத்தைக்காக இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும்.

முதலாவது, தாலாட்டுப் பாட வரும் பெரியவரிடம் தம்புராவை ஓடவிட்டு, இந்தச் சுருதியில் பாடுங்கள் என்று சொல்லாதீர்கள். அவர் தன் சுருதியில் தொடங்கட்டும். பதிவு முடிந்த பிறகு, அவர் நீட்டி நிற்கும் ஆதார ஷட்ஜத்தில் இரண்டு மூன்று விநாடியைத் தேர்ந்தெடுத்து, பகுப்பாய்வுப் பட்டியலில் உள்ள அலைக்கற்றை வரைபடத்தைத் திறவுங்கள். உச்சியில் அம்புக்குறியை வைத்தால் அதிர்வெண்ணும் ஸ்வரப் பெயரும் தெரியும். முதல் பெரிய உச்சியைப் பாருங்கள், அதைவிட உயரமாக இரட்டிப்பு அதிர்வெண்ணில் இன்னொன்று இருந்தாலும் மயங்காதீர்கள். 174 அல்லது 175 ஹெர்ட்ஸ் வந்தால் 4 கட்டைச் சுருதி. 170 என்று வந்தால் 3-க்கும் 4-க்கும் நடுவே எங்கோ இருக்கிறார். மேடைக் கட்டைக்கு வெளியே இருப்பது தவறில்லை. அது அவர் குரல். தம்புராதான் அவரிடம் வர வேண்டும்.

தம்புரா இல்லையென்றால் ஆடாசிட்டியின் உருவாக்கும் பட்டியலில் தந்தி மீட்டும் ஒலி ஒன்று இருக்கிறது. ‘பிளக்’ என்று பெயர். 4 கட்டைக்கு அதில் 48, 53, 53, 41 என்ற ஸ்வர எண்களைக் கொடுங்கள். முறையே பஞ்சமம், இரண்டு சாரணை (ஆதார ஷட்ஜம்), மந்தரம் (கீழ் ஷட்ஜம்). நான்கையும் இடைவெளி விட்டு அடுக்கி, ஒரு சுற்றைத் திரும்பத் திரும்ப ஒட்டினால் மீட்டு வந்துவிடும். பிறகு சுருதி மாற்றும் வசதியில் அரைக்கட்டையில் பாதியளவு இறக்கினால் 170-க்கு வந்துவிடும். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே நூல் வைத்துப் பிடிக்கும் ஜீவன் இதில் வராது. அதனால் யாராவது வீட்டில் நல்ல தம்புரா இருந்தால் ஒரு நிமிடம் பதிந்துகொள்வதே மேல்.

இரண்டாவது, தாளக்கட்டை போட்டுத் தாலாட்டைப் பாட வைக்காதீர்கள். தூளியின் ஆட்டம்தான் அதன் லயம்.

மாடியறை எழுதியது:

டீச்சர், ஒரு சந்தேகம். எல்எம்எம்எஸ்-இல் ஸ்வரக் கட்டத்தில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் சுருதியை வளைக்கும் கருவி இருக்கிறது. ஒரு ஸ்வரத்தின் மேல் சொடுக்கினால் அதற்குள் கோடு வரையலாம். அதில் தோடி காந்தாரம் வரைந்து பார்த்தேன். ஓரளவு வந்தது. சர்ஜ் எக்ஸ்டி ஒலியாக்கியில் ஸ்காலா கோப்பு ஏற்றினால் ஸ்வரத்தானங்களையே மாற்றலாம். இவற்றை வைத்துக் கருநாடக இசையை முழுமையாகக் கணினியில் செய்ய முடியுமா?

சுருதிப்பெட்டி எழுதியது:

நீ கோடு வரைந்து பார்த்தாய் என்பதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஸ்வரத்தானத்தை மாற்றுவது கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது, ஆகாது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதே இல்லை, ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கிறது. அதனால் ஸ்காலா கோப்பை விட உன் வளைகோடுதான் சரியான வழி. ஆனால் அந்த அசைவு ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. முன்னால் என்ன ஸ்வரம் வந்தது, பின்னால் எங்கே போகப்போகிறது என்பதைப் பொறுத்து மாறும். நூறு காந்தாரத்துக்கு நூறு கோடு வரைய வேண்டும். பயிற்சிக்கு அது மிக நல்லது, காது கூர்மையாகும். பாட்டாக வேண்டுமென்றால் பக்கத்து வீட்டு வயலினைக் கூப்பிட்டுப் பதிந்துகொள்.

காவிரிக்கரை எழுதியது:

முதலில் நல்ல செய்தி. கோப்புறைக்குள் கோப்புறையாகத் தேடினேன். வேவ் கோப்புகள் இருந்தன! பன்னிரண்டில் ஒன்பது கிடைத்துவிட்டன. ஆடாசிட்டியில் முதல் கோப்பைத் திறந்தபோது அத்தை பக்கத்தில்தான் இருந்தார். “இது யாரு, நானா?” என்று கேட்டார். ஒலித்தச்சன் ஐயா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

புதிய பதிவில் இரண்டு தொல்லைகள். அடியில் ‘ங்’ என்று ஓர் இரைச்சல் விடாமல் கேட்கிறது. இரைச்சல் நீக்கியைப் போட்டேன், அத்தை தண்ணீருக்குள் இருந்து பாடுவது போல ஆகிவிட்டது. இன்னொன்று, அண்ணன் மகள் பாட்டைக் கேட்டுக்கொண்டே வயலின் வாசித்தாள். திரும்பப் போட்டுக் கேட்டால் வயலின் சற்றுப் பிந்தி வருகிறது. அவள் தாளத்தில் கெட்டிக்காரி, தவறு அவளுடையதல்ல.

ஒலித்தச்சன் எழுதியது:

ஒன்பது கிடைத்ததில் எனக்கும் நெஞ்சு நிறைந்தது. கையோடு அவற்றை ஃபிளாக் வடிவில் ஏற்றுமதி செய்து இரண்டு வெவ்வேறு வட்டுகளில் வைத்துவிடுங்கள். ஃபிளாக் ஒலியைச் சிதைக்காமல் சுருக்கும், அதுவும் கட்டற்ற வடிவம். ஆடாசிட்டியின் திட்டக் கோப்பை மட்டும் நம்ப வேண்டாம்.

இரைச்சல் பற்றி. மடிக்கணினியின் மின்னூட்டியைக் கழற்றிவிட்டு, மின்கலத்தில் ஓட்டி ஒரு நிமிடம் பதிந்து பாருங்கள். ‘ங்’ போய்விட்டால் அது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் முனகல், நில இணைப்புச் சரியில்லாத வீடுகளில் அடிக்கடி வரும். இனி மின்கலத்திலேயே பதியுங்கள். ஏற்கெனவே பதிந்தவற்றுக்கு, ஓர் அதிர்வெண்ணை மட்டும் குறைக்கும் நாட்ச் வடிகட்டியை 50, 100, 150 ஹெர்ட்ஸில் தனித்தனியாகக் கொடுங்கள். 150 அத்தை குரலுக்குப் பக்கத்தில் இருப்பதால் அங்கே மட்டும் காது வைத்துக் கேட்டுச் செய்யுங்கள். முனகல் போன பிறகு, தேவைப்பட்டால் மட்டும் இரைச்சல் நீக்கி. பாட்டு தொடங்கும் முன் உள்ள வெறும் அறையொலியில் ஒரு விநாடியை மாதிரியாகக் கொடுத்து, குறைப்பு அளவை 6 டெசிபெலுக்கு மேல் போக விடாதீர்கள். கொஞ்சம் இரைச்சல் இருந்துவிட்டுப் போகட்டும். தண்ணீருக்குள் அமுங்கிய குரலை எவராலும் மீட்க முடியாது.

வயலின் பிந்துவது பற்றி. கணினி ஒலியை வெளியே அனுப்பவும் உள்ளே வாங்கவும் எடுத்துக்கொள்ளும் நேரம் அது. குழந்தை சரியாகத்தான் வாசித்திருக்கிறாள். ஆடாசிட்டியில் தாமத ஈடு என்று ஓர் எண் இருக்கும், இயல்பாக -130 மில்லிவிநாடி. உங்கள் கணினிக்கு எது சரி என்று அளந்துவிடலாம். தாளத் தடம் ஒன்றை உருவாக்குங்கள். தலையணியை மைக்கின் மேல் ஒட்டினாற்போல வைத்து, அந்தத் தாளத்தை ஓடவிட்டபடியே புதுத் தடத்தில் பதியுங்கள். பிறகு நன்றாகப் பெரிதாக்கி, மேல் தடத்துத் தட்டுக்கும் கீழ்த் தடத்துத் தட்டுக்கும் இடையே எத்தனை மில்லிவிநாடி என்று தேர்வு செய்து பாருங்கள். 62 பிந்தியிருந்தால் -130 என்பதை -192 ஆக்குங்கள். ஏற்கெனவே வாசித்த தடத்தை அதே 62 அளவுக்கு முன்னால் நகர்த்தினால் போதும், அவளை மறுபடி வாசிக்க வைக்க வேண்டாம்.

அகலப்பாதை எழுதியது:

இழையை முழுவதும் படித்தேன். என் 60 டாலர் யோசனை இந்த வேலைக்குப் பொருந்தாது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நேரடியாகக் கேட்டபடி வாசிக்க வேண்டியவர்களுக்குத் தாமத ஈடு உதவாது, அதையும் பதிந்து வைக்கிறேன். தன் குரலைத் தலையணியில் உடனுக்குடன் கேட்க வேண்டுமென்றால் பஃபரை, அதாவது கணினி ஒரே தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவை, குறைக்க வேண்டும். 48000 வீதத்தில் 1024 மாதிரிகள் என்றால் 21 மில்லிவிநாடி. 256 என்றால் 5-க்குச் சற்று மேல், ஏறக்குறைய ஆறடி தள்ளி நிற்பவரின் குரல் காதுக்கு வரும் நேரம்தான் அது. விண்டோஸில் ஃப்ளெக்ஸ்ஏசியோ என்ற கட்டற்ற இயக்கி இதற்கு உண்டு. அதை ஏற்கும் மென்பொருள் வேண்டும், ஆடாசிட்டியின் வழக்கமான 3-ஆம் பதிப்பில் ஏசியோ என்ற இந்த இயக்கி முறைக்கு ஆதரவு இல்லை.

கட்டறுத்தவன் எழுதியது:

லினக்ஸில் முன்பு ஜாக் என்ற ஒலிச் சேவையகத்தை அமைப்பதற்குள் பலர் கைவிட்டுவிடுவார்கள். அதை எழுதியவரும் பால் டேவிஸ்தான். இப்போது பைப்வயர் என்ற புதிய ஒலிச் சேவையகம் வந்தபின் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்துவிட்டது. 2021-இல் ஃபெடோரா 34 அதை இயல்பாக எடுத்துக்கொண்டது. ஜாக்குக்காக எழுதிய மென்பொருள்கள் அதன் மேல் அப்படியே ஓடுகின்றன.

காவிரிக்கரை எழுதியது:

மின்னூட்டியைக் கழற்றினேன், முனகல் நின்றது. தாமதம் எங்கள் கணினியில் 48 வந்தது. -178 போட்டேன். நலங்குப் பாட்டில் வயலின் இப்போது குரலோடு ஒட்டி வருகிறது. அண்ணன் மகள் நான்கு முறை திரும்பத் திரும்பக் கேட்டாள்.

தாலாட்டில் வேறொன்று நடந்தது. நாற்காலியில் உட்கார வைத்து மைக் முன் பாடச் சொன்னால் அத்தைக்கு மூன்றாவது அடி மறந்துபோகிறது. சுருதிப்பெட்டி டீச்சர் சொன்னது நினைவுக்கு வந்து, உத்தரத்தில் பழைய சேலையைத் தூளியாகக் கட்டி, உள்ளே ஒரு தலையணையை வைத்தோம். அதை ஆட்டிக்கொண்டே பாடினார். பதினோரு கண்ணி, ஓரிடத்திலும் தடங்கவில்லை. நாங்கள் யாரும் கேட்டிராத இரண்டு கண்ணிகள் அதில் இருந்தன.

ஆனால் தூளிக் கயிறு உத்தரத்தில் உரசும் ஒலி பாட்டு முழுவதும் பதிந்திருக்கிறது. ஆடாசிட்டியில் நிறமாலைக் காட்சிக்குப் போனால் ஒவ்வொரு உரசலும் தனியாகத் தெரிகிறது, பெட்டி போட்டு அழிக்கலாம் போலிருக்கிறது. அழிக்கலாமா?

சுருதிப்பெட்டி எழுதியது:

அழிக்காதீர்கள். அவர் அதைக் கேட்டுத்தான் பாடியிருக்கிறார். தம்புராவும் இந்தப் பாட்டுக்கு வேண்டாம்.

ஒலித்தச்சன் எழுதியது:

டீச்சர் சொல்வதே சரி. மூலப் பதிவை எதுவும் செய்யாமல் ஒரு ஃபிளாக்காக வையுங்கள். உரசல் மிகவும் உறுத்தினால் நகல் ஒன்றில் மட்டும் கொஞ்சம் தணியுங்கள். அடுத்த முறை மைக்கைக் கயிற்றுக்கு எதிர்ப்பக்கம், அத்தையின் வாய்க்கு ஒரு சாண் தள்ளிக் கீழே வைத்துப் பாருங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

அப்படியே வைத்துவிட்டேன். இன்று மாலை ஊஞ்சல் பாட்டு. கூடத்து ஊஞ்சலின் சங்கிலிக்கு எண்ணெய் போட வேண்டாம் என்று அத்தையே சொல்லிவிட்டார்.